கொரிய வீட்டு ஜாங்: முதல் ஜாடி போடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சூப்பில் ஊற்றும் கரிய சோயாச் சாறு கான்ஜாங். குழம்பில் கரைக்கும் சோயா விழுது தொயென்ஜாங். இவை போன்றவற்றுக்குப் பொதுப்பெயர் ஜாங். கடையில் தனித்தனிப் பாட்டிலிலும் டப்பாவிலும் கிடைக்கும் இவை இரண்டும் கொரிய வீடுகளில் ஒரே ஜாடியிலிருந்து வருபவை. சோயாவை அவித்து இடித்துக் கட்டி பிடித்து, பூசணம் ஏறவிட்டுக் காயவைத்தால் அது மேஜு. மேஜுவை உப்புத் தண்ணீரில் 40 முதல் 60 நாள் ஊறப்போட்டு வடித்தால் சாறு கான்ஜாங், மிஞ்சும் கட்டி தொயென்ஜாங். சோயா, உப்பு, தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லை. இப்படி மரபுமுறையில் போட்டதில் கோதுமையோ மீனோ சேராததால், கொரியாவில் இருக்கும் சைவக்காரர்களுக்கு ஏற்ற பண்டம் இது. ஆலைகளில் செய்து விற்பவற்றில் கோதுமை முதலியவை சேர்வதுண்டு. (உணவகத்துத் தொயென்ஜாங் குழம்பு வேறு கதை. அதில் பெரும்பாலும் நெத்திலி வேகவைத்த தண்ணீர் இருக்கும்.)

பழக்கம் மிகப் பழையது. பழைய கொரிய நாடான சில்லாவின் அரசன் சின்முன் 683இல் மணப்பெண் வீட்டுக்கு அனுப்பிய சீரில் அரிசி, மது, எண்ணெய், தேன் ஆகியவற்றோடு ஜாங்கும் போயிருக்கிறது. தென்கொரிய அரசு ஜாங் போடும் வழக்கத்தை 2018இல் தேசிய மரபாக அறிவித்தது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோவும் பட்டியலில் சேர்த்தது. அங்கே பதிவானது செய்முறை மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள நம்பிக்கைகளும் சேர்ந்துதான். நாள் பார்ப்பது, ஜாடிக்கு வைக்கோல் புரி கட்டுவது, காகிதக் காலுறையைத் தலைகீழாக ஒட்டுவது எல்லாம் அந்த நம்பிக்கைகளில் அடங்கும். ஜாங்கின் ருசி மாறினால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்பிய ஊர் அது. ஒரு ஜாடி கெட்டால் அந்த ஆண்டு முழுக்கச் சமையலுக்கு உப்புச் சுவை தரும் பொருளே இல்லாமல் போகும் என்ற நிலையில் அந்தப் பயம் மிகையானதல்ல.

முதல் ஆண்டிலேயே மேஜுவும் நாமே செய்யலாம் என்று இறங்க வேண்டாம். மேஜுவை வாங்கிக்கொள்ளுங்கள். ஊறப்போடுவதிலும் பிரிப்பதிலும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. மிளகாய் சேர்த்த கொச்சுஜாங்கும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதில் பசையரிசி, முளைகட்டிய பார்லி எல்லாம் சேர்வதால் கெடும் வழிகளும் அதிகம்.

மேஜு வாங்குவது

ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஊர்ச் சந்தைகளிலும் விவசாயக் கூட்டுறவு அங்காடிகளிலும் மேஜு விற்பார்கள். செங்கல் வடிவில் வைக்கோலால் கட்டியிருக்கும். எண்ணிக்கையைப் பார்த்து வாங்காமல் நிறுத்து வாங்குங்கள். ஈரம் இருக்கும் கட்டிக்கும் காய்ந்த கட்டிக்கும் எடை நிறையவே வேறுபடும். இந்தக் கட்டுரையின் கணக்கு நன்றாகக் காய்ந்த மேஜு 3 கிலோவுக்கு.

நல்ல மேஜுவின் மேற்புறம் கல்போல் காய்ந்து ஆங்காங்கே வெடித்திருக்கும். வெள்ளையும் மஞ்சளுமாகப் பூசணம் படிந்திருக்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளே பழுப்பு நிறம், மோந்தால் வறுத்த பயறும் பாலாடைக்கட்டியும் கலந்த ஒரு வாடை. உள்ளே வெளிறிய மஞ்சளாக இருந்தால் பூசணம் உள்வரை ஏறவில்லை, சாற்றில் ருசி இறங்காது. உள்ளே கறுத்திருந்தாலோ, மூக்கை அறுக்கும் அம்மோனியா நெடி அடித்தாலோ அந்தக் கட்டியைத் தூக்கி எறியுங்கள். கறுத்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். சில பூசணங்களின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போவதில்லை.

ஜாங் போடும் நாளுக்கு 4, 5 நாள் முன்பே கட்டிகளைக் கழுவிவிட வேண்டும். ஓடும் தண்ணீரில் தூரிகையால் மேற்பூசணத்தையும் தூசியையும் விறுவிறுவென்று தேய்த்து எடுங்கள். தண்ணீரில் ஊறவிடக் கூடாது. பிறகு 2, 3 நாள் நல்ல வெயில், ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிவைத்து. முதல் ஜாடி கெடுவதற்குப் பெரிய காரணம் இந்த இடத்தில் காட்டும் அவசரம்தான். ஈரக் கட்டியைப் போட்டால் ஜாடிக்குள் உப்பின் செறிவு நீங்கள் போட்ட கணக்கைவிடக் குறையும்.

ஜாடி

ஓங்கி எனப்படும் மண் ஜாடி. சுட்ட மண்ணில் நுண்துளைகள் உண்டு. காற்று மெல்ல உள்ளே போய்வரும், தண்ணீர் கசியாது. 10 லிட்டர் உப்புத் தண்ணீருக்கும் 3 கிலோ மேஜுவுக்கும் 18 முதல் 20 லிட்டர் ஜாடி தேவை. மேஜு ஊதிக்கொள்ளும் என்பதால் சிறியது வாங்கி நெருக்க வேண்டாம். பிரித்த பிறகு தொயென்ஜாங்குக்கு 7, 8 லிட்டர் ஜாடி இன்னொன்று வேண்டும்.

கொரியாவின் வடபகுதி ஜாடிகளுக்கு வாய் அகலம், தெற்கு ஜாடிகளுக்கு வாய் குறுகி வயிறும் தோளும் பருத்திருக்கும். தெற்கே வெயிலும் வெப்பமும் அதிகம், சாறு ஆவியாகி வற்றாமல் இருக்க அந்த அமைப்பு. எந்த வடிவமானாலும் மரச்சாம்பல் கலந்த மங்கலான மெருகு பூசியதாகப் பாருங்கள். பழைய சாமான் கடைகளில் கண்ணாடிபோல் பளபளக்கும் ஜாடி கிடைத்தால் விட்டுவிடுங்கள். ஒரு காலத்தில் ஈயம் கலந்த மெருகு பூசி நிறைய ஜாடிகள் விற்றார்கள்.

விரலால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். பொத்தென்று கேட்டால் விரிசல் இருக்கும். புது ஜாடியில் 2, 3 நாள் தண்ணீர் நிரப்பிவைத்துக் கசிவு பாருங்கள். கிராமத்தில் வைக்கோலைக் கொளுத்தி அதன் மேல் ஜாடியைக் கவிழ்ப்பார்கள். எங்காவது புகை வெளியேறினால் ஓட்டை தெரிந்துவிடும், உள்ளே கிருமியும் சாகும். அடுக்ககத்தில் அதற்கு வழியில்லை என்பவர்கள் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் ஜாடியைக் கவிழ்த்து ஆவி காட்டி, துடைத்து, முழுக்கக் காயவிடலாம். சோப்பு மட்டும் கூடவே கூடாது. மண் அதை உறிஞ்சிவைத்திருந்து பிறகு ஜாங்கில் விடும்.

ஜாடி வைக்கும் மேடைக்கு ஜாங்தொக்தே என்று பெயர். வீட்டின் பின்புறம், காலை வெயில் விழும், காற்றோட்டமுள்ள இடத்தில் கல் பரப்பிக் கட்டுவார்கள். சியோலிலுள்ள கியோங்போக் அரண்மனையில் இப்படிப்பட்ட மேடையைப் பெரிய அளவில் மீட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஜாடிகள் எப்படி வரிசை பிடித்திருக்கின்றன என்று பார்க்க ஒருமுறை போகலாம். பின்வரிசையில் பெரியவை, முன்னால் சிறியவை. எந்த ஜாடியும் இன்னொன்றின் வெயிலை மறைக்காது. பால்கனியில் வைப்பவர்கள் இரண்டு செங்கல் மேல் ஏற்றிவையுங்கள், பகலில் ஜன்னலைத் திறந்துவையுங்கள், ஏசியின் வெளிப்பெட்டிக்கு அருகில் வேண்டாம்.

உப்பும் தண்ணீரும்

உப்பளத்தில் வெயிலில் விளைந்த கல்லுப்புதான் வேண்டும். கொரியர்கள் பெரும்பாலும் தென்மேற்கே சினான் தீவுகளின் உப்பை வாங்குவார்கள், அதுவும் 2, 3 ஆண்டு மூட்டையில் கிடந்து கசப்பு நீர் வடிந்ததை. புது உப்பில் மக்னீசியம் மிகுதி, கான்ஜாங் கசந்துவிடும். கையில் அள்ளிப் பிசைந்து விட்டால் உள்ளங்கையில் ஒட்டாமல் உதிர்வது பழைய உப்பு.

எவ்வளவு உப்பு என்பதை மாதம்தான் தீர்மானிக்கிறது. 10 லிட்டர் தண்ணீருக்குச் சந்திர ஆண்டின் முதல் மாதத்தில் 2.5 கிலோ, இரண்டாம் மாதத்தில் 2.75 கிலோ, மூன்றாம் மாதத்தில் 3 கிலோ. கல்லுப்பில் ஈரம் இருப்பதால் கரைத்த பின் செறிவு முறையே ஏறத்தாழ 18, 19, 20 சதவீதம் வரும். நாள் தள்ளிப்போகப் போக வெயில் ஏறும், கெடுக்கும் கிருமிகளும் வேகம் பிடிக்கும், அதைத் தடுக்க உப்பு கூட வேண்டும். குளிர் விடாத முதல் மாதத்தில் போட்டால் குறைந்த உப்பிலேயே மெதுவாக ஊறி ருசி கூடுகிறது. முதல் மாத ஜாங்கை ஒரு படி உயர்வாகப் பேசுவது அதனால்தான். ரத்தக்கொதிப்பு இருக்கிறது, உப்பைக் குறைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: ஜாடியில் குறைக்காதீர்கள், தட்டில் குறையுங்கள்.

முந்தைய நாளே கரைத்துவையுங்கள். கூடையில் மெல்லிய பருத்தித் துணி விரித்து உப்பைக் கொட்டி, மேலே தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றினால் உப்பு கரைந்து கீழே இறங்கும், மண்ணும் துரும்பும் துணியில் தங்கும். குழாய்த் தண்ணீராக இருந்தால் ஓரிரவு திறந்துவைத்த பிறகு பயன்படுத்துங்கள், குளோரின் போகும். கரைத்த உப்புத் தண்ணீர் இரவெல்லாம் அசையாமல் இருக்கட்டும். மறுநாள் மேல்தெளிவை மட்டும் எடுக்க வேண்டும்.

செறிவைப் பார்க்கப் பழைய வழி முட்டை. உப்புத் தண்ணீரில் முட்டையை விட்டால் மிதக்கும், மேலே தெரியும் வட்டம் 500 வொன் நாணயத்தின் அளவு (26.5 மில்லிமீட்டர் விட்டம்) இருந்தால் முதல் மாதத்துக்குச் சரி. அதைவிடச் சிறிதாகத் தெரிந்தால் ஒரு கை உப்பு போட்டுக் கலக்கி மறுபடி பாருங்கள். முட்டை புதியதாக இருக்க வேண்டும். பழைய முட்டைக்குள் காற்று சேர்ந்திருப்பதால் குறைந்த உப்பிலேயே எழும்பி உங்களை ஏமாற்றிவிடும். சந்தேகப் பிராணிகள் உப்பளவி ஒன்று வாங்கிவிடலாம், கரைசலின் அடர்த்தியைக் குறிக்கும் போமே அளவில் 17, 18 காட்டினால் முதல் மாதத்துக்குப் போதும்.

நாள் பார்ப்பது

கொரியச் சந்திரப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையே விழும். அதிலிருந்து ஒரு மாதம் முதல் மாதக் கணக்கு. அதற்குள் 'குதிரை நாள்' பார்த்து ஜாங் போடுவது வழக்கம். நாட்களுக்கு 12 விலங்குகளை வரிசையாகச் சொல்வதால் 12 நாளுக்கு ஒரு குதிரை நாள், மாதத்தில் இரண்டோ மூன்றோ கிடைக்கும். குதிரைக்குப் பயறு பிடிக்கும், அதனால் அந்த நாள் சோயாவுக்கு உகந்தது என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. பெரிய எழுத்தில் அச்சிட்ட கொரியச் சுவர் நாள்காட்டிகளில் ஒவ்வொரு நாளுக்கும் விலங்கு போட்டிருக்கும்.

இன்னொரு கணக்கு 'சோன்' இல்லாத நாள். சோன் என்பது திசைக்குத் திசை சுற்றி வந்து காரியத்தைக் கெடுக்கும் துர்தேவதை. சந்திரத் தேதி 1, 2இல் கிழக்கே, 3, 4இல் தெற்கே, 5, 6இல் மேற்கே, 7, 8இல் வடக்கே இருக்கும். 9, 10இல் வானத்துக்குப் போய்விடும். ஆகவே 9, 10, 19, 20, 29, 30 ஆகிய தேதிகள் பயமில்லாதவை. இன்றும் அந்தத் தேதிகளில் வீடு மாற்ற வண்டி பிடித்தால் கூலி கூடுதலாகக் கேட்பார்கள். தவிர்க்க வேண்டியது பத்து நாள் சுழற்சியில் எட்டாவதாக வரும் 'சின்' நாள். அன்று போட்டால் ஜாங் புளித்துவிடும் என்பார்கள்.

பழைய நாளில் ஜாங் போடும் பெண் மூன்று நாள் முன்னதாகவே வெளியே போகாமல், சண்டை சச்சரவு இல்லாமல், சாவு வீட்டுப் பக்கம் தலைகாட்டாமல் இருக்க வேண்டும். வேலை நேரத்தில் வாயைக் காகிதத்தால் மூடிக்கொள்ள வேண்டும். எச்சில் படாது என்று இன்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். ஒவ்வொரு சடங்குக்கும் அறிவியல் காரணம் தேடிக் கண்டுபிடித்தே தீருவேன் என்று கிளம்புவது வீண்வேலை. சிலதில் காரணம் இருக்கிறது, சிலது பெண்கள் தலையில் சுமத்திய கட்டுப்பாடு, அவ்வளவுதான். புதிதாகப் போடுபவர்கள் மாதத்தைக் கண்டிப்பாகப் பாருங்கள். குதிரை நாள் வாய்த்தால் நல்லது. குதிரை நாளில் மழை பெய்தால் அடுத்த வெயில் நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

ஜாங் போடும் நாள்

காலை பத்து மணி வாக்கில், வெயில் வந்த பிறகு தொடங்கலாம்.

1. ஜாடியின் உட்புறம் காய்ந்திருக்கிறதா என்று கைவிட்டுத் தடவிப் பாருங்கள். இருக்க வேண்டிய இடத்தில் நிறுத்திய பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும், நிரப்பியபின் நகர்த்த முடியாது.

2. மேஜுவைச் செங்கல் அடுக்குவதுபோல், கட்டிகளுக்கிடையே விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். பெரிய கட்டியை இரண்டாக உடைக்கலாம். பொடியாக்கினால் சாறு கலங்கி வடிகட்டவே முடியாமல் போகும்.

3. உப்புத் தண்ணீரின் தெளிவைத் துணியில் வடித்து ஊற்றுங்கள். அடியில் தங்கிய கசடு ஒரு துளிகூட வேண்டாம். ஜாடியின் வாய்க்குக் கீழே ஒரு சாண் இடம் இருக்கட்டும்.

4. கட்டிகள் மிதக்கும். மூங்கில் சிம்புகள் இரண்டு மூன்றை வளைத்து ஜாடியின் கழுத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாகச் செருகி அவற்றை அமுக்கிவிடுங்கள். அப்படியும் மேலே தெரியும் முகட்டில் ஒரு பிடி உப்பு தூவுங்கள். சாற்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூலையில்தான் பூசணம் முதலில் பிடிக்கும்.

5. காய்ந்த சிவப்பு மிளகாய் 3, காய்ந்த இலந்தை 3, கருவாலி (ஓக்) மரக்கரி 2 அல்லது 3 துண்டு. கரியை அடுப்பில் கனியவைத்து, சாம்பலை ஊதிவிட்டு, இடுக்கியால் பிடித்து அப்படியே உள்ளே போடுங்கள். சொய்ங்கென்று சத்தம் எழும்ப வேண்டும். கரி துர்வாடையை இழுத்துக்கொள்ளும். மிளகாயும் சிவப்பு நிறமும் கெட்டதை விரட்டும் என்பது நம்பிக்கை. இறைச்சி சுடுவதற்கென்று அச்சில் வார்த்து விற்கும் கரியில் பசை சேர்த்திருப்பார்கள், அதைப் போடாதீர்கள்.

6. வாயில் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டி, மூடியைப் போடுங்கள். முதல் 3 நாள் திறக்க வேண்டாம்.

வைக்கோல் புரியும் காகிதக் காலுறையும்

ஜாடியின் கழுத்தில் கட்டுவது கும்ஜுல். சாதாரணக் கயிறு வலப்பக்கம் முறுக்கியது என்றால் இதை இடப்பக்கமாக முறுக்க வேண்டும். மனிதர் புழங்கும் கயிறல்ல என்று காட்டத்தான் இந்தத் தலைகீழ். இரண்டு பிடி வைக்கோலை ஈரமாக்கி, உள்ளங்கைகளுக்கிடையே வழக்கத்துக்கு எதிர்த்திசையில் உருட்டி, இடையிடையே சிவப்பு மிளகாய், கரித்துண்டு, பைன் கொத்து, வெள்ளைக் காகிதம் ஆகியவற்றைச் செருகுங்கள். குழந்தை பிறந்த வீட்டு வாசலில் தொங்கவிட்டதும் இதே புரிதான். அங்கே மிளகாய் இருந்தால் ஆண், கரியும் பைனும் மட்டும் என்றால் பெண். இரண்டு இடத்திலும் சேதி ஒன்றே: வெளியாள் நெருங்காதே.

காலுறை வடிவத்தில் வெள்ளைக் காகிதத்தை வெட்டி, விரல்பக்கம் மேலே வருமாறு தலைகீழாக ஜாடியின் வயிற்றில் ஒட்டுவார்கள். ஜாங்கைத் தேடி வரும் கெட்ட ஆவி காலுறைக்குள் போய் மாட்டிக்கொள்ளும் என்பார்கள். வெள்ளைக் காகிதத்தின் பளிச்சிடலுக்கு மரவட்டை அண்டாது என்றும் சொல்வதுண்டு. கழுத்திலோ மூடியிலோ ஒட்டினால் திறந்து மூடும்போது கிழிந்துவிடும். ஜாங்தொக்தேயில் விடியற்காலையில் இறைத்த முதல் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் வைத்து ஏழு நட்சத்திரத் தெய்வத்தை வேண்டுவதும் உண்டு. ஜோல்லா மாநிலங்களில் ஜாடி மேடைக்கே சொல்யுங் என்ற தெய்வம் காவல்.

இரண்டு மாத வெயில்

நான்காம் நாளிலிருந்து, வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் காலை பத்துக்கு மூடியைத் திறந்து, மாலை நான்குக்குள் மூடுங்கள். வலைத்துணி அப்படியே இருக்கட்டும். மேகம் போட்டால் திறக்காதீர்கள். ஒரு தூறல் விழுந்தால் மேல்மட்டத்தில் உப்பு நீர்த்து, அங்கிருந்தே புளிப்பு தொடங்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது நடக்காத காரியம் என்பதால், கண்ணாடி பதித்து ஓரத்தில் காற்று போக வழிவைத்த மூடிகள் விற்கிறார்கள். வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இரண்டு வாரத்தில் சாறு தேநீர் நிறம் கொள்ளும், நாற்பதாம் நாளில் அடர்ந்த பழுப்பு. இடையில் முட்டையை மறுபடி விட்டுப் பார்த்து உப்பு கூடிவிட்டது என்று பதறி, தண்ணீர் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். பயறின் சத்து கரைந்து சாறு கனத்திருப்பதால் முட்டை இப்போது உயரமாகத்தான் மிதக்கும். தண்ணீர் ஊற்றினால் ஜாடி போயிற்று.

பிரிப்பது

எத்தனை நாளில் பிரிப்பது என்பது உங்களுக்கு எது முக்கியம் என்பதைப் பொறுத்தது. 40 நாளில் பிரித்தால் ருசி கட்டியில் தங்கும், தொயென்ஜாங் நன்றாக இருக்கும். 60 நாள் விட்டால் சாறு திரளும், கட்டி சக்கையாகும். முதல் முறைக்கு 50 நாள் நடுவாந்தரம். பிப்ரவரி இறுதியில் போட்டது ஏப்ரல் 20 வாக்கில், வெப்பம் ஏறுமுன் பிரிக்கப்பட்டுவிடும்.

கரி, மிளகாய், இலந்தையை எடுத்து எறிந்துவிட்டு, கட்டிகளை உடையாமல் அகன்ற பாத்திரத்துக்கு மாற்றுங்கள். சாற்றை இரட்டைத் துணியில் வடியுங்கள். 5, 6 லிட்டர் தேறும். துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரத்தில் (அலுமினியத்தை உப்பு அரித்துவிடும்) மெல்லிய தீயில், பொங்கவிடாமல், மேலே வரும் நுரையை எடுத்துக்கொண்டே 20 நிமிடம் காய்ச்சுங்கள். அந்த வாடை அடுக்ககம் முழுக்கப் பரவும், பக்கத்து வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. ஆறியபின் கழுவிக் காயவைத்த ஜாடியில் ஊற்றி வையுங்கள். காய்ச்சாமலே வெயிலில் வைப்பவர்களும் உண்டு. வாசனை அதில் உயர்வுதான், ஆனால் உப்பு சரியாக இல்லாத முதல் ஜாடிக்கு அந்தத் துணிச்சல் வேண்டாம். புதுக் கான்ஜாங் கடைச் சோயாச் சாற்றைவிட உப்பு. சூப்பில் பாதியளவு ஊற்றி ருசி பார்த்துக் கூட்டுங்கள்.

கட்டிகளைக் கையால் பிசையுங்கள், பயறு பருக்கை தெரியக் கூடாது. வடித்த சாற்றில் ஒரு லிட்டர் வரை சிறிது சிறிதாகச் சேர்த்து, இட்லி மாவைவிடச் சற்றே கெட்டியான பதத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்த இடத்தில் எல்லோரும் கையை இறுக்குவார்கள். 'இவ்வளவு இளக்கமா?' என்று தோன்றும் பதமே சரி, ஆறு மாதத்தில் ஜாடி ஈரத்தை இழுத்துவிடும். கெட்டியாகப் போட்டவை கோடை முடிவில் கறுத்து வெடித்துக் கிடக்கும். சிறிய ஜாடியில் கைமுட்டியால் குத்தி, காற்று இல்லாமல் அடைத்து, மேலே கடற்பாசித் தாளைப் பரப்பி, அதன் மேல் ஒரு விரற்கடை உப்பு போடுங்கள். வலைத்துணி, மூடி. ஆறு மாதம் கழித்துச் சமைக்கலாம், ஓராண்டு பொறுத்தால் நிறமும் ருசியும் வேறு.

கோளாறுகள்

சாற்றின் மேல் வெள்ளை ஏடு படிந்தால் அது காட்டு ஈஸ்ட். ஆபத்தில்லை, ஆனால் உப்போ வெயிலோ போதவில்லை என்று அர்த்தம். கரண்டியால் எடுத்துவிட்டு, ஒரு பிடி உப்பு தூவி, வெயிலைக் கூட்டுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் நாள் பாராமல் பிரித்துக் காய்ச்சிவிடுங்கள்.

தொயென்ஜாங்கில் புழு தெரிந்தால் ஈ முட்டையிட்டிருக்கிறது. ஜாடியின் விளிம்பில் ஒட்டிய விழுதில்தான் ஈ உட்காரும், ஒவ்வொரு முறை எடுத்தபிறகும் விளிம்பைத் துடையுங்கள். மேலே நான்கு விரல் ஆழத்துக்கு எடுத்து எறிந்துவிட்டு உப்பு போடலாம். புளித்து நுரைத்திருந்தால் உள்ளேயும் உப்பு குறைவு, முழுவதையும் கொட்டிவிடுங்கள். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை நீளும் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எல்லா ஜாடியையும் திறந்து பார்ப்பது அவசியம்.

ஜாடியின் வெளிப்புறத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தால் பயப்பட வேண்டாம். ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், துளைகள் அடைபடாமல் இருக்கும்.

அடுத்த ஆண்டுக்கு

கான்ஜாங்கை முழுவதும் தீர்த்துவிடாமல் ஒரு லிட்டராவது நிறுத்திவையுங்கள். அடுத்த ஆண்டுச் சாற்றை அதன் மேல் ஊற்றி, எடுப்பதற்கேற்ப ஊற்றி, ஜாடியை வற்றவிடாமல் காப்பதுதான் விதைக் கான்ஜாங். ஓரிரண்டு ஆண்டுச் சாறு வெளிர் நிறம், சூப்புக்கு. ஐந்தாண்டு தாண்டியது கறுத்து இனிப்பேறியிருக்கும், வறுவலுக்கும் ஊறவைப்பதற்கும். தெற்கே தம்யாங் ஊரில் ஒரு குலத்தின் தலைவீட்டு ஜாடி 360 ஆண்டுக்கும் மேலாகத் தொடர்வதாகச் சொல்கிறார்கள். அதிலிருந்து எடுத்த கான்ஜாங்கைத்தான் 2017 நவம்பரில் அமெரிக்க அதிபருக்கு அளித்த விருந்தில் விலா இறைச்சிக்குப் பயன்படுத்தினார்கள். நம் ஜாடியில் அடியில் உப்புக் கற்கள் உறைந்தால் எடுத்துச் சமையலுக்குப் பயன்படுத்தலாம்.

மேஜுவையும் நீங்களே செய்ய நினைத்தால் நவம்பர் 7 வாக்கில் குளிர்காலம் தொடங்கும் நாளிலிருந்து டிசம்பர் 22 வரை காலம் இருக்கிறது. சோயா 4 கிலோவை 12 மணி நேரம் ஊறவைத்து, கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே நசுங்கும்வரை 5, 6 மணி நேரம் வேகவையுங்கள். தண்ணீரை வடித்து, சூடு ஆறுமுன் இடித்து, பயறு பாதி மசிந்தும் பாதி தெரிந்தும் இருக்கும்போது செங்கல் அளவு கட்டிகளாக அடித்து இறுக்குங்கள். இடுக்கில் காற்று நின்றால் அங்கே கறுப்புப் பூசணம் வரும். வைக்கோல் பரப்பில் நாலைந்து நாள் மேற்புறம் காய்ந்தபின், வைக்கோலாலேயே கட்டி, குளிர்ந்த காற்றோட்டமுள்ள இடத்தில் ஒரு மாதம் தொங்கவிடுங்கள். நைலான் கயிறு உதவாது, சோயாவைப் பதப்படுத்தும் பாசில்லஸ் என்ற பாக்டீரியா வைக்கோலிலிருந்துதான் கட்டிக்கு ஏறுகிறது. பிறகு பெட்டியில் வைக்கோலும் கட்டியும் மாற்றி மாற்றி அடுக்கி, போர்வை போர்த்தி, சூடேற்றிய தரையில் 28, 30 டிகிரியில் இரண்டு வாரம். ஈரம் வியர்த்தால் போர்வையை விலக்கி ஆறவிட்டுப் போர்த்துங்கள். வெளியே எடுத்து வெயிலில் காயவைத்தால், சந்திரப் புத்தாண்டுக்குள் கழுவுவதற்குத் தயார்.